பச்சை முக்கோணத்தை நம்பியவர்

தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு மாறுதல் வந்தால் நம் வேளாண்மைத் துறையில் யாரும் இனிப்பு வாங்கிக் கொடுப்பதில்லை. விதை கொடுக்கப் போகிறவருக்கு மாலை கிடைக்கும். மானியம் கொடுக்கப் போகிறவருக்குச் சால்வை கிடைக்கும். பூச்சிமருந்துக் கடைக்குள் நுழைந்து பாட்டிலைத் தூக்கிப் பார்க்கிற நமக்கு, கடைக்காரர் முகத்தைச் சுளித்துக்கொண்டே ஒரு டீ வாங்கி வைப்பார். அதையும் குடிக்கக் கூடாது. பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்திலும் சேர்த்து நான் ஆறவிட்ட டீயைக் கொட்டினால் ஒரு குட்டை நிரம்பும்.

ஓய்வு பெற்ற பிறகு அரியலூரில்தான் இருக்கிறேன். சிமெண்ட் லாரி போகிற தெரு. காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம் ஜன்னலைத் துடைப்பதுதான் இப்போது என் அரசுப் பணி. பூச்சிமருந்து ஆய்வாளராகப் புதிதாகப் பொறுப்பேற்றிருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். மாதிரி எடுப்பது எப்படி, முத்திரை வைப்பது எப்படி என்பதையெல்லாம் பயிற்சியில் தூக்கம் வரும்வரை சொல்லிக் கொடுப்பார்கள். அதை நான் தொடப் போவதில்லை. ஒரு பகலையும் அதற்கு அடுத்த விடியலையும் பற்றி மட்டும் சொல்கிறேன். இத்தனை வருஷம் கழித்தும் அதை நினைத்தால் எனக்கு மலைப்பாகவே இருக்கிறது.

ரஞ்சன்குடிக் கோட்டை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் ஒரு ஊர். பேர் வேண்டாம். சுற்றிலும் கரிசல் மண், பார்க்கிற பக்கமெல்லாம் பருத்தி. அந்த வருஷம் வெள்ளை ஈ வந்து அடை அடையாக இலைக்கு அடியில் உட்கார்ந்திருந்தது. ஊரே மருந்து அடிக்கத் தயாராக இருந்தது. நம் பக்கத்தில் அது ஒரு திருவிழா மாதிரி. ஒருத்தர் ஆரம்பித்தால், அடுத்த வயல்காரர் தன் வயலுக்கு ஈ ஓடி வந்துவிடும் என்று மறுநாளே ஆரம்பிப்பார்.

முதலில் ஆரம்பித்தவர் பெரியசாமி. கொஞ்சம் வசதியான விவசாயி, வாய் ஓயாமல் பேசுகிறவர். அவர் வயலுக்கு மருந்து அடிக்கப் போனவர் செல்வராசு. அந்த ஊரில் கூலிக்கு மருந்து அடிப்பதில் பேர் வாங்கிய ஆள். காலை வெயில் ஏறுவதற்குள் பாதி வயலை முடித்தவர், பவர் ஸ்பிரேயரை முதுகில் மாட்டியபடியே வரப்பில் சாய்ந்துவிட்டார்.

எனக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. பெரம்பலூர் ஆபீஸிலிருந்து அங்கே போய்ச் சேர்ந்தபோது உச்சிப்பொழுது. இளவயது டாக்டர் ஒருவர் என்னைப் பார்த்ததும் ஒரு பாட்டிலை நீட்டினார்.

"மேடம், இதுல வேப்பெண்ணெய்னு போட்டிருக்கு. உள்ள படுத்திருக்கிறவர் உடம்பு வேற கதை சொல்லுது. கண்மணி குண்டூசி முனை மாதிரி சுருங்கியிருக்கு. வாயில எச்சில் ஒழுகுறது நிக்கல. நெஞ்சு முழுக்கத் தண்ணி. வேப்பெண்ணெய் மேல பட்டு இப்படி ஆகாது."

"அப்ப என்ன சிகிச்சை குடுக்குறீங்க?"

"நான் பாட்டில நம்பல. நோயாளிய நம்புறேன். நரம்பைப் பிடிக்கிற விஷத்துக்கு உள்ள மாத்து மருந்தை ஏத்த ஆரம்பிச்சுட்டேன். பாட்டில என்ன இருக்குன்னு கண்டுபிடிக்கிறது உங்க வேலை."

அந்த மாற்று மருந்தே ஒரு விஷம்தான் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஊமத்தங்காயில் இருக்கிற சரக்குதான் அது. ஒரு விஷத்தைக் கொண்டு இன்னொரு விஷத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டு, ஒவ்வொரு ஊசிக்கும் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டு நின்ற அந்த டாக்டரைக் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் பிள்ளை வயது இருக்கும். கை ஒரு தடவைகூட நடுங்கவில்லை.

வெளியே செல்வராசுவின் மனைவி தனக்கொடி தரையில் உட்கார்ந்திருந்தார். வயலுக்குத் தண்ணீர் சுமந்து ஊற்ற அவரும் கூடப் போயிருக்கிறார். புருஷன் விழுந்ததும் ஆட்களைக் கூப்பிட்டுத் தூக்கிப் போட்டு வந்த அவசரத்தில், பாட்டிலையும் முந்தானையில் முடிந்துகொண்டு வந்தவர் அவர்தான். நமக்கு இதைச் சொல்லிக் கொடுக்க ஒரு நாள் பயிற்சி போடுகிறார்கள்.

"கையுறை போட்டிருந்தாரா?" என்று கேட்டேன். எப்போதும் முதலில் கேட்கிற கேள்வி அது.

தனக்கொடிக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்னங்க மேடம் இப்புடிக் கேக்குறீங்க? ஊர்லயே பாட்டிலப் படிச்சுப் பாத்துட்டு மருந்து அடிக்கிற ஆளு அவுரு ஒருத்தருதான். செவப்பு முக்கோணம் போட்டிருந்தா கையுறை போட்டுக்குவாரு, மூஞ்சிக்குத் துணி கட்டிக்குவாரு, குச்சியாலதான் கலக்குவாரு. இது பச்சைங்க. பச்சைன்னா சாது மருந்துன்னு நீங்கதான ஊர்க் கூட்டத்துல படம் காட்டிச் சொன்னீங்க? வேப்பெண்ண கையால அடிச்சாத்தான தண்ணியோட சேரும்? அதான் சோப்புத் தண்ணியில கைய வுட்டுக் கலக்குனாரு."

ஆமாம், சொன்னது நான்தான். லேபிளில் இருக்கும் முக்கோணம் சிவப்பு என்றால் கொடிய விஷம், பிறகு மஞ்சள், நீலம், பச்சை என்றால் இருப்பதிலேயே குறைந்த விஷம் என்று ஊர் ஊராகப் படம் காட்டியிருக்கிறேன். பச்சைக்கும் கையுறை போடுங்கள் என்றும் சொல்லியிருக்கிறேன். ஆனால் நம் பக்கத்து ஆட்களுக்கு வேப்பெண்ணெய் பழக்கம் வேறு. சோப்புக் கரைசலில் ஊற்றிக் கையால் அடி அடியென்று அடித்தால்தான் எண்ணெய் பால் போலக் கரையும். குச்சியால் கலக்கினால் திட்டுத் திட்டாக மிதக்கும். அது தலைமுறையாகக் கைக்குத் தெரிந்த வேலை. விஷம் வைத்தவன் அந்தக் கைப்பழக்கத்துக்குள்ளேயே விஷத்தை வைத்துவிட்டான். வேப்பெண்ணெயின் வாடையில் வேறு வாடை ஒன்றும் தெரியவில்லை.

வழக்கமாக நாம் என்ன எழுதுவோம்? "பாதுகாப்பு உபகரணங்கள் அணியாமல், அறிவுரைகளைப் பின்பற்றாமல் தெளித்ததால்" என்று ஒரு வரி இருக்கிறது. எத்தனையோ அறிக்கையில் அது ரப்பர் முத்திரை போல விழுந்திருக்கும். அன்று என் முன்னால் கிடந்தவர் அறிவுரையைப் பின்பற்றியதால் விழுந்தவர். ஊரில் மற்றவர்கள் லேபிளைப் பார்ப்பதே இல்லை. பார்த்தவர்தான் விழுந்தார்.

தனக்கொடி கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொன்று சொன்னார். "இதே பாட்டிலு ஊர்ல பாதி வூட்ல இருக்குங்க மேடம். நாளைக்கு விடியக்காலம் எல்லாரும் அடிப்பாங்க."

அங்கிருந்து நேராக வயலுக்குப் போனேன்.

பெரியசாமி வரப்பில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கேட்காமலே பேச ஆரம்பித்தார். "வெறும் வயித்துல வந்திருப்பான்ங்க. நான் சாப்புட்டியான்னுகூடக் கேட்டேங்க. முந்தின நாளு சரக்கு கிரக்கு போட்டிருப்பானோ என்னமோ. மருந்துல ஒண்ணும் கொற இருக்காதுங்க, நல்ல கடையில வாங்குனது." ஊரில் எல்லோரும் அதையேதான் பேசிக்கொண்டிருந்தார்கள். கூலிக்கு வருகிறவன் விழுந்தால் தப்பு அவன் வயிற்றிலோ தொண்டையிலோதான் இருக்க வேண்டும் என்பது ஒரு சௌகரியமான முடிவு. பாட்டிலைப் பற்றி யாருக்கும் சந்தேகம் இல்லை.

நான் வயலுக்குள் இறங்கினேன். செல்வராசு பாதியில் விழுந்ததால், எதுவரை அடித்தார் என்பது இலையில் படிந்திருந்த பிசுபிசுப்பிலேயே தெரிந்தது. அடிக்காத பாதியில் முதலில் நடந்தேன். பருத்தி மஞ்சள் மஞ்சளாகப் பூத்திருந்தது. தேனீ, குளவி, தட்டான், பொறிவண்டு, பேர் தெரியாத பொடிப்பூச்சிகள் என்று வயலே ரீங்காரம் போட்டுக்கொண்டிருந்தது. செடிக்குச் செடி சிலந்தி வலை. முழங்காலுக்குக் கீழே எறும்பு வரிசை.

அப்படியே நடந்து அடித்த பாதிக்குள் நுழைந்தேன். சத்தம் நின்றுவிட்டது.

நான் இரண்டடி பின்னால் வந்தேன். சத்தம் இருந்தது. மறுபடி முன்னால் போனேன். இல்லை. ஒரு வயலுக்கு நடுவே யாரோ கதவு வைத்துச் சாத்தியது போல இருந்தது. கீழே பார்த்தேன். பையிலிருந்த துண்டை ஒரு செடிக்கு அடியில் விரித்துச் செடியை மெல்ல உலுக்கினேன். விழுந்தது விழுந்தபடி கிடந்தது. வெள்ளை ஈயைத் தின்ன வந்த பொறிவண்டும், கண்ணாடி இறக்கைப் பூச்சியும், காலைச் சுருட்டிக்கொண்ட சிலந்தியும், பூவுக்குள் தலையை விட்டபடியே செத்துப்போன தேனீயும். ஒற்றைச் செடியில் இவ்வளவு உயிர் குடியிருக்கிறது என்பதை வேளாண்மை படித்து, இத்தனை வருஷம் வேலை பார்த்த நான் அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தேன். அவை உயிரோடு இருந்தபோது நான் நின்று பார்த்ததில்லை.

வேப்பெண்ணெய் இப்படிக் கொல்லாது. அது பூச்சிக்குத் தின்னப் பிடிக்காமல் செய்யும், முட்டையைக் கெடுக்கும், நாலைந்து நாளில் மெதுவாக வேலை காட்டும். அடித்த காலையிலேயே கூண்டோடு அழிக்காது. பெரியசாமியைக் கூப்பிட்டு என் பக்கத்தில் நிற்க வைத்தேன். "கேளுங்க" என்றேன். "இப்ப இங்க வந்து கேளுங்க" என்றேன். அவர் அங்கும் இங்கும் நடந்து பார்த்தார். அவர் வாயை மூடி அன்றுதான் பார்த்தேன்.

சட்டம் நமக்கு ஒரு அதிகாரம் கொடுத்திருக்கிறது. ஒரு மருந்து விதிக்கு மாறாக விற்கப்படுகிறது என்று "நம்புவதற்குக் காரணம் இருந்தால்" அதை நிறுத்தி வைக்கலாம். ஆய்வக அறிக்கை வரும்வரை காத்திருக்க வேண்டும் என்று அதில் எழுதவில்லை. ஆனாலும் நாம் எல்லோரும் காத்திருப்போம். காத்திருந்தவனை இதுவரை யாரும் வேலையை விட்டு எடுத்ததில்லை. வரப்பில் நின்றபடியே எங்கள் இணை இயக்குநருக்குப் போன் செய்தேன். அளந்து பேசுகிற மனிதர்.

"ரிப்போர்ட் இருக்காம்மா?"

"இல்ல சார். மாதிரியே இனிமேத்தான் எடுக்கணும்."

"நம்புறதுக்குக் காரணம் இருக்கா?"

கதவு சாத்தியது போல இருந்ததைச் சொன்னேன்.

"அத அப்படியே எழுதும்மா" என்றார். "இந்தப் பாதியில பூச்சிச் சத்தம் இருந்தது, அந்தப் பாதியில இல்லைன்னு எழுது. கோர்ட்டுல சிரிச்சாங்கன்னா நானும் உன்கூட வந்து நிக்கிறேன்."

மேலதிகாரி என்றால் அவர். உங்களுக்கும் ஒருத்தர் அப்படி வாய்க்கட்டும். வாய்க்காவிட்டால் நீங்கள் யாருக்காவது அப்படி ஆகிவிடுங்கள்.

கடைக்காரர் நல்ல மனிதர். தடை உத்தரவைக் கையில் கொடுத்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது. "எங்க வயலுக்கும் இதத்தாங்க எடுத்து வச்சிருக்கேன்" என்று உள்ளே போய் ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து காட்டினார். மாதிரி எடுத்தேன், இருப்பை வைத்துப் பூட்டினேன். அதே சரக்கு மீன்சுருட்டிப் பக்கம் ஒரு கடைக்கும் போயிருந்தது. அங்கிருந்த நம் அலுவலருக்குச் சொன்னேன்; பெட்டி பிரிக்காமல் அப்படியே இருந்தது, தப்பித்தோம். நான் முத்திரை வைத்துக்கொண்டிருக்கும்போதே மொத்த வியாபாரி போனில் வந்தார்.

"ஒரு ஆளு மயக்கம் போட்டதுக்கு மொத்த சரக்கையும் நிறுத்துவீங்களா மேடம்? ரிப்போர்ட் நல்லபடியா வந்துட்டா உங்க பென்ஷன் என்னாகும்னு யோசிச்சீங்களா?"

"யோசிச்சேன். மோசமா வந்துட்டா என் தூக்கம் என்னாகும்னும் யோசிச்சேன்" என்று வைத்துவிட்டேன். தைரியம் என்று நினைத்துவிடாதீர்கள். வைத்த பிறகு அடுத்த முத்திரை கோணலாக விழுந்தது. அறிக்கை பிற்பாடு வந்தது. வேப்பெண்ணெய் வாசனைக்கு இருந்தது, வேலை செய்ததெல்லாம் ரசாயனம். வழக்கு போன போக்கு தனிக்கதை. ஆனால் அன்று சாயங்காலம் எனக்கு எந்த அறிக்கையும் தெரியாது. ஒரு டாக்டரின் சந்தேகமும், ஒரு வயலின் அமைதியும்தான் கையில் இருந்தன.

கடையில் இருந்ததைப் பூட்டியாகிவிட்டது. வீடுகளில் இருப்பதை என்ன செய்வது? பயன்படுத்துவதையும் நிறுத்தலாம் என்று சட்டம் சொல்கிறது, சரி. விடியற்காலை ஒவ்வொரு வரப்பிலும் போய் நிற்க எனக்கு எத்தனை கால்? யார் யார் வாங்கினார்கள் என்று கடைக்காரருக்கே நினைவில்லை. பில் கேட்கிற வழக்கம் அந்த ஊரில் கிடையாது. ஒரு வீடு விட்டுப்போனாலும் மறுநாள் இன்னொரு செல்வராசு.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு மாரியம்மன் கோயில் மைக்கைப் பிடித்தேன். "பொதுமக்கள் கவனத்திற்கு" என்று ஆரம்பித்தேன். மருந்தின் பேரைச் சொன்னேன், தடை என்றேன், சட்டம் என்றேன். கடைக்காரர் தன் பாட்டிலைக் கொண்டுவந்து கோயில் வாசலில் வைத்தார். பெரியசாமி மிச்சமிருந்ததை வைத்தார். பிறகு யாரும் வரவில்லை. வாசலில் நின்று பார்த்தவர்கள், "அந்தப் பய வெறும் வயித்துல அடிச்சதுக்கு நாங்க என்ன பண்றது? ஈ தின்னது போவ நாங்க என்னத்த அள்ளுறது?" என்று முணுமுணுத்துக்கொண்டு போனார்கள். அவர்கள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. இலையை ஈ உறிஞ்சிக்கொண்டிருக்கும்போது மருந்தைக் கீழே வை என்பது லேசான காரியம் இல்லை.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்த தனக்கொடிக்குப் போன் போட்டு நிலைமையைச் சொன்னேன். "நீ பேசுறியா தாயி?" என்று கேட்டேன். கேட்டபின், புருஷன் உயிருக்குப் போராடுகிறவளிடம் இதைக் கேட்கிறோமே என்று கூசியது.

அவள் ஒரு கணம்தான் யோசித்தாள். "மைக்கு பக்கத்துல வைங்க" என்றாள்.

ஸ்பீக்கரைப் போட்டுப் போனை மைக்கோடு சேர்த்துப் பிடித்தேன். காலனித் தெருவிலிருந்து ஒரு பெண்ணின் குரல் அந்தக் கோயில் மைக்கில் அதற்கு முன்னால் கேட்டதில்லை என்று பிறகு சொன்னார்கள். எனக்கு அப்போது அது தெரியாது.

"நான் தனக்கொடி பேசுறேன், செல்வராசு பொஞ்சாதி. அவுரு இன்னிக்குக் காலையில கூழு குடிச்சுட்டுத்தான் வந்தாரு. நான்தான் ஊத்துனேன். குடிக்கிற பழக்கம் அவுருக்குக் கெடையாது, உங்க எல்லாருக்கும் தெரியும். பாட்டிலப் படிச்சாரு, பச்சைன்னு போட்டிருந்துச்சு, நம்பிக் கைய வுட்டாரு. அவ்வளவுதான் அவுரு செஞ்ச தப்பு. இப்ப மூச்சு வுட முடியல. உங்க வயலுக்கெல்லாம் அவுருதான் மருந்து அடிச்சாரு. நாளைக்கு அவுரு இல்ல, நீங்களே அடிப்பீங்க, உங்க புள்ளைங்க அடிப்பாங்க. ஒருத்தரு வூட்டுலயும் அந்தப் பாட்டிலு இருக்க வேணாம். கொண்டாந்து ஆத்தா வாசல்ல வச்சுருங்க. எனக்காவ வேணாம். உங்களுக்காவ வைங்க."

அவ்வளவுதான். அழவில்லை. போன் கட்டானது.

முதலில் ஒரு பெண் வந்தார். பிறகு இரண்டு பேர். பிறகு நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். மேலத்தெருவிலிருந்து வந்தார்கள், காலனியிலிருந்து வந்தார்கள், பைக்கில் வந்தார்கள், மாட்டுக் கொட்டகையிலிருந்து நேராக ஈரக் கையோடு வந்தார்கள். கொஞ்ச நேரத்துக்கு முன் முணுமுணுத்துப் போனவரும் வந்தார், என் முகத்தைப் பார்க்காமல் வைத்துவிட்டுப் போனார். உடைக்காத பாட்டில், பாதிப் பாட்டில், சாக்கில் சுற்றிய பாட்டில். வேப்பிலை கட்டிய வாசல்படியில் பச்சை முக்கோணமாக ஒரு குவியல். உத்தரவு போட்டு ஒரு சரக்கை நிறுத்தலாம் என்று எனக்குத் தெரியும். ஒரு ஊர் தன் விளைச்சலைப் பணயம் வைத்து அடுத்தவன் சொல்லை நம்பும் என்று எனக்குத் தெரியாது. நான் செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நின்றேன்.

ஆனாலும் சந்தேகம் விடவில்லை. ஆய்வாளர் புத்தி அப்படித்தான். ஒருத்தராவது ஒரு பாட்டிலை ஒளித்து வைத்திருப்பார் என்று மனம் சொல்லிக்கொண்டே இருந்தது. மறுநாள் இருட்டுப் பிரியும்போதே ஜீப்பை எடுத்துக்கொண்டு அந்த ஊர் வயல்பக்கம் போய் நின்றேன். பனியும் மண்வாசனையும்தான் இருந்தன. ஒரு சத்தமும் இல்லை. அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

விட்ட மூச்சு இழுப்பதற்குள் ஒரு மோட்டார் கிளம்பியது.

பவர் ஸ்பிரேயர்தான். சந்தேகமே இல்லை. செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது, அதை விட்டுவிட்டு ஓடினேன். "நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று கத்தியது எனக்கே கேட்கவில்லை. கிட்டே போய்ப் பார்த்தால் பெரியசாமி. ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர், கூலிக்கு ஆள் வைத்தே பழகியவர், தானே முதுகில் மோட்டாரை மாட்டிக்கொண்டு, அடிக்காத பாதி வயலில் நின்று செடிக்கு அடியில் பீய்ச்சிக்கொண்டிருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் கையிலிருந்த குழாயைப் பிடித்து இழுத்தேன்.

"தண்ணிங்க மேடம்! வெறும் தண்ணி! இலைக்கு அடியில வேகமா அடிச்சா ஈ கழண்டு வுழுதுங்க. மருந்துதான கூடாதுன்னீங்க?"

"டேங்க்க எத்தன தரம் கழுவுனீங்க?" என்று மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டேன்.

"இது புதுசுங்க. மருந்தே ஊத்துனதில்ல." பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "செல்வராசு டேங்க்க தொட எனக்கு மனசு வரல."

தண்ணீரைப் பீய்ச்சினால் வெள்ளை ஈ குறையும் என்று நாமும் பல வருஷமாக நோட்டீஸ் அடித்துக் கொடுக்கிறோம். யாரும் காதில் வாங்கியதில்லை. அன்று அடுத்த வயலிலும் ஒரு மோட்டார் கிளம்பியது. அதற்கு அடுத்த வயலிலும். வீட்டுக்கு வீடு குடத்தில் தண்ணீர் சுமந்து வந்துகொண்டிருந்தார்கள். அடித்தவர்களில் கால்வாசிப்பேராவது முகத்துக்குத் துணி கட்டியிருந்தார்கள், வெறும் தண்ணீருக்கு. சூரியன் எழும்பியபோது அந்தக் கரிசல் முழுக்கத் தண்ணீர்ப் புகை. எதிர்க்காற்றில் அது என் முகத்தில் வந்து படிந்தது. இத்தனை வருஷத்தில் ஒரு ஸ்பிரேயருக்கு எதிரே விலகாமல் நான் நின்றது அன்றுதான். குளிர்ச்சியாக இருந்தது.

அப்போது போன் அடித்தது. தனக்கொடி. நேற்று ஊருக்கே கலங்காமல் பேசியவள் இப்போது தேம்பிக்கொண்டிருந்தாள்.

"மேடம், அவுருக்கு வாயெல்லாம் காஞ்சு போச்சுங்க. நாக்கு ஒட்டிக்கிட்டு இருக்கு. தண்ணி தண்ணின்னு மொனவுறாரு. எனக்குப் பயமா இருக்குங்க மேடம்."

நான் வாயைத் திறப்பதற்குள் யாரோ போனை வாங்கினார்கள். டாக்டர். குரல் கரகரத்துக் கிடந்தது, கண் அயராமல் இருந்தவரின் குரல்.

"மேடம், அந்தம்மா கேக்கவே மாட்டேங்கிறாங்க, நீங்களாவது சொல்லுங்க. வாய் காயறது நல்லது. நேத்துல இருந்து நான் அதைக் காய வைக்கத்தான் பாடுபட்டேன். நெஞ்சும் காஞ்சிருச்சு. மூச்சு நல்லா இழுக்கிறார். இன்னும் சில நாள் கண்காணிப்புல வச்சுக்கணும். ஆனா பொழச்சுக்குவார்."

நான் பெரியசாமியைப் பார்த்துக் கையை ஆட்டினேன். அவர் மோட்டாரை நிறுத்தினார். "செல்வராசு பொழச்சுக்குவாராம். தண்ணி கேட்டாராம்" என்றேன்.

அவர் முதுகில் இருந்த ஸ்பிரேயரோடு வரப்பில் ஏறி நின்று, இரண்டு கையையும் வாய்க்குக் குவித்து அடுத்த வயலுக்குக் கத்தினார். "ஏய்! செல்வராசு தண்ணி கேட்டானாம்டா!"

அந்த வயலின் மோட்டார் நின்றது. அங்கிருந்தவர் அதற்கடுத்த வயலுக்குக் கத்தினார். அதுவும் நின்றது. ஒவ்வொன்றாக நின்று, அந்தச் செய்தி வரப்பு வரப்பாகப் போவதைக் கேட்டபடி நின்றேன்.